வாசா ரெக்டா (சிறுநீரகத்தின் உட்பகுதியில் ஓடும் நுண் ரத்தக்குழாய்கள்) புரியவில்லை, யாராவது விளக்க முடியுமா?

வணக்கம். நர்சிங் படிக்கிறேன். உடற்செயலியலில் சிறுநீரகம் வரை வந்து ஹென்லே வளைவில் (சிறுநீர் உருவாகும் நுண்குழாயின் U வடிவப் பகுதி) மாட்டிக்கொண்டேன்.

வடிகட்டல் வரை சரி. நாளுக்குச் சுமார் 180 லிட்டர் வடிந்து, ஒன்றரை லிட்டர் அளவுதான் சிறுநீராகிறது (இந்தக் கணக்கே மலைக்க வைக்கிறது!). வளைவின் இறங்கு பகுதி தண்ணீரை வெளியே விடும். தடித்த ஏறு பகுதி உப்பைத் தள்ளும், தண்ணீரை விடாது. அதனால் மெடுல்லாவின் (சிறுநீரகத்தின் உட்பகுதி) ஆழத்தில் கரைபொருள் செறிவு 300-லிருந்து 1200 மில்லி ஆஸ்மோல் வரை ஏறுகிறது. ஏடிஎச் (உடலில் தண்ணீரைத் தக்கவைக்கும்) ஹார்மோன் வந்தால், சிறுநீர் கடைசியாகக் கடக்கும் சேகரிப்புக் குழாய் தண்ணீரை மெடுல்லாவுக்குள் வெளியே விட்டுவிடும், சிறுநீர் அடர்த்தியாகும். இதுவும் புரிகிறது.

புரியாதது வாசா ரெக்டாதான். அவ்வளவு உப்பு சேர்ந்த இடத்தில் ரத்தம் ஓடிக்கொண்டே இருந்தால் அதை அடித்துக்கொண்டு போய்விடாதா? கொண்டை ஊசி போல வளைந்திருப்பதால் போகாது என்று புத்தகம் ஒரே வரியில் முடித்துவிட்டது. இறங்கும்போது உப்பு உள்ளே, ஏறும்போது வெளியே, சரி. அப்படியானால் மெடுல்லாவில் சேரும் தண்ணீரை மட்டும் அந்த ரத்தம் எப்படி எடுத்துப் போகிறது? அப்புறம், இதில் யூரியாவுக்கு என்ன வேலை?

கையால் ஒரு படம் வரைந்து போட்டாலும் போதும். வீடியோ வேண்டாம், பார்த்ததெல்லாம் ஒரே வேகம்.