ஸ்க்ரூவை இறுக்கினா கைப்பிடி மேலே வரமாட்டேங்குது, என்ன செய்யலாம்?

வணக்கம். அம்மாவோட அறைக் கதவுக்குப் புதுசா லீவர் கைப்பிடி மாட்டி மூணு வாரமாச்சு. அழுத்தினா கதவு திறக்குது. விட்டா கைப்பிடி பாதியிலேயே தொங்கி நின்னுடுது. பூட்டோட நாக்கும் முழுசா வெளியே வர்றதில்லை. ராத்திரி லேசாக் காத்தடிச்சாலே கதவு திறந்துக்குது, அம்மா முழிச்சுக்கிறாங்க.

மரக்கதவு, தடிமன் 32 மி.மீ. உள்ளே இருக்கிற மார்ட்டிஸ் லாக் (கதவு மரத்துக்குள்ளேயே பதிச்ச பூட்டு) பழசு, அதை மாத்தலை. கைப்பிடி வட்டத் தகடு வெச்ச ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மாடல், 8 மி.மீ. சதுர ஸ்பிண்டில் (பூட்டு வழியாப் போய் ரெண்டு பக்கக் கைப்பிடியையும் இணைக்கிற கம்பி). பெட்டியில் 35 முதல் 45 மி.மீ. கதவுக்குன்னு போட்டிருக்கு. மாட்டின பிறகுதான் அதைக் கவனிச்சேன்.

ரெண்டு பக்கத்தையும் சேர்க்கிற நீள ஸ்க்ரூவை ஒரு சுத்து தளர்த்தினா கைப்பிடி சட்டுனு மேலே வருது. ஆனா தகடு ஆடுது. இறுக்கினா மறுபடி தொங்குது. லாக்குக்குள்ள கிராஃபைட் தூள் போட்டேன், பலனில்லை. கைப்பிடியைக் கழற்றிட்டு ஸ்பிண்டிலை மட்டும் செருகி கையால திருப்பினேன், நாக்கு வழுக்கிக்கிட்டு போய் வருது. அதனால லாக் மேல எனக்குச் சந்தேகமில்லை. மரத்துளையையும் உளியால கொஞ்சம் அகலப்படுத்திப் பார்த்தாச்சு, ஸ்பிண்டில் எங்கேயும் உரசலை.

கதவு மெலிசா இருக்கிறதால ஸ்பிண்டில் ரெண்டு கைப்பிடிக்கும் நடுவுல முட்டி நெருக்குதுன்னு நினைக்கிறேன். ஸ்பிண்டிலை 3 மி.மீ. அறுத்துக் குறைக்கலாமா, இல்ல தகட்டுக்கு அடியில் பட்டை வெச்சுத் தடிமனைக் கூட்டலாமா? இதுல எது நிலைச்சு நிக்கும்?