இரண்டு சூத்திரமும் ஒரே மாதிரிதான், பிறகு ஏன் எலக்ட்ரானும் புரோட்டானும் ஒரே முடுக்கத்தில் போவதில்லை?

தாராவி_90அடி_ரோடு

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் 12ஆம் வகுப்பு, சி.பி.எஸ்.இ. போன வருஷம் ஈர்ப்பு படித்தாள். இந்த வருஷம் ஆரம்பமே மின்னூட்டமும் மின்புலமும். நான் இங்கே மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் பத்து வரை படித்தவன், இப்போது குர்லாவில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறேன். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அன்றைய பாடத்தை அவள் எனக்குத் தமிழில் சொல்லுவாள். எனக்குப் புரிந்துவிட்டால் அவளுக்கும் நன்றாகப் புரிந்துவிட்டது என்று எங்களுக்குள் ஒரு ஏற்பாடு.

நேற்று சிக்கிக்கொண்டோம். ஈர்ப்பு விசைக்கு இரண்டு நிறையைப் பெருக்கித் தூரத்தின் இருமடியால் வகுக்கிறார்கள். மின்விசைக்கு இரண்டு மின்னூட்டத்தைப் பெருக்கி அதே மாதிரி வகுக்கிறார்கள். காற்று குறுக்கிடாவிட்டால் கனமானதும் லேசானதும் ஒரே முடுக்கத்தில் விழும் என்று போன வருஷம் படித்தாள். அப்படியானால் ஒரே மின்புலத்தில் விட்ட எலக்ட்ரானும் புரோட்டானும் ஒரே முடுக்கத்தில்தானே போகணும்? ஆனால் புத்தகக் கணக்கில் எலக்ட்ரான் எங்கேயோ போய்விடுகிறது.

இன்னொரு சந்தேகம் என்னுடையது. விசை என்று ஒன்று இருக்கும்போது நடுவில் ‘புலம்’ என்று இன்னொரு சொல் எதற்கு?

வகுப்பில் கேட்டதற்கு, சூத்திரத்தில் போட்டால் விடை வரும், பரீட்சைக்கு அது போதும் என்றார்களாம். அவளுக்குப் போதவில்லை, எனக்கும்தான். தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

மாட்டுங்கா_வாத்தியார்

தம்பி, உங்கள் சந்தேகத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது தெளிந்தால் பாப்பாவின் கேள்வியும் பாதி தெளிந்துவிடும்.

மாட்டுங்கா மார்க்கெட்டில் கத்திரிக்காய்க் கூடை மேல் ‘கிலோ 80 ரூபாய்’ என்று அட்டை செருகியிருக்கும். வாங்க ஆள் வராவிட்டாலும் அந்த விலை அங்கே இருக்கிறது. நீங்கள் போய் கால் கிலோ வாங்கினால் 20 ரூபாய், இரண்டு கிலோ வாங்கினால் 160. நீங்கள் கொடுக்கிற பணம் விசை மாதிரி, அட்டையில் இருக்கிற விலை புலம் மாதிரி. ஓரிடத்தில் ஒரு கிலோகிராம் வைத்தால் எத்தனை நியூட்டன் இழுப்பு என்பது அந்த இடத்தின் ஈர்ப்புப் புலம். மும்பையில் அது ஏறக்குறைய 9.8, நிலாவில் 1.6. ஒரு கூலூம் (மின்னூட்டத்தின் அலகு) வைத்தால் எத்தனை நியூட்டன் என்பது மின்புலம். புலம் இடத்துக்குச் சொந்தம். விசை, அந்த இடமும் அங்கே வைக்கிற பொருளும் சேர்ந்து வருவது.

சரி, இனி பாப்பாவின் கேள்வி. நகர்கிற எந்தப் பொருளிலும் இரண்டு விஷயம் பார்க்கணும். புலத்திலிருந்து எவ்வளவு விசை வாங்குகிறது, அந்த விசைக்கு எவ்வளவு முரண்டு பிடிக்கிறது. இரண்டாவதை உங்கள் கை நன்றாக அறியும். லேத்தில் பெரிய சக் (வேலைப்பொருளைப் பிடித்துச் சுழலும் பாகம்) மாட்டினால் வேகம் பிடிக்கவும் நேரம் ஆகும், நிற்கவும் நேரம் ஆகும் இல்லையா, அந்த முரண்டுதான். அதற்கு நிலைமம் என்று பெயர், நேர்க்கோட்டில் நகரும் பொருளுக்கு அதன் அளவு நிறை.

ஈர்ப்பில் விசையை வாங்குவதும் நிறை, முரண்டு பிடிப்பதும் அதே நிறை. 5 கிலோ இரும்பை 49 நியூட்டன் இழுக்கிறது, ஆனால் அதை நகர்த்த ஒரு கிலோவைப்போல் ஐந்து மடங்கு சிரமம். 49-ஐ 5-ஆல் வகுத்தால் மறுபடி 9.8. எந்தப் பொருளை எடுத்தாலும் நிறை அடிபட்டுப் போகிறது.

மின்புலத்தில் அப்படி அடிபட வழியில்லை. விசையை வாங்குவது மின்னூட்டம், முரண்டு பிடிப்பது நிறை. இரண்டும் வேறு வேறு. எலக்ட்ரானுக்கும் புரோட்டானுக்கும் மின்னூட்ட அளவு ஒன்றே, 1.6 × 10⁻¹⁹ கூலூம். அதனால் விசையும் அதே அளவு, திசைதான் எதிர். ஆனால் புரோட்டானின் நிறை எலக்ட்ரானைப்போல் சுமார் 1836 மடங்கு. ஆகவே எலக்ட்ரானின் முடுக்கமும் 1836 மடங்கு.

அலகைப் பாருங்கள், அதுவே சொல்லிவிடும். கிலோகிராமுக்கு இத்தனை நியூட்டன் என்பது சுருங்கி மீட்டர்/வினாடி² ஆகிவிடும், அது முடுக்கத்தின் அலகு. கூலூமுக்கு இத்தனை நியூட்டன் என்பது அப்படிச் சுருங்காது.

மான்குர்ட்_மாணவி

சார் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன், அண்ணா. எனக்கு இயற்பியலில் மிகவும் பிடித்த இடம் இது. விசையை வாங்கும் நிறையும் முரண்டு பிடிக்கும் நிறையும் ஒன்று என்று ஈர்ப்புச் சூத்திரத்திலிருந்து யாரும் நிரூபிக்க முடியாது. சோதித்துப் பார்த்துத்தான் சொல்கிறோம், இன்னும் சோதிக்கிறோம்.

1971இல் அப்போலோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் நிலாவில் நின்று ஒரு சுத்தியலையும் ஒரு இறகையும் ஒன்றாகக் கீழே விட்டார், இரண்டும் சேர்ந்தே தரையைத் தொட்டன. அந்த வீடியோவை மகளுக்குக் காட்டுங்கள். 2016இல் பிரான்ஸ் அனுப்பிய மைக்ரோஸ்கோப் என்ற செயற்கைக்கோளில் பிளாட்டினக் கலவை உருளை ஒன்று, டைட்டானியக் கலவை உருளை ஒன்று. இரண்டும் விழுவதில் வித்தியாசம் இருக்கிறதா என்று தேடினார்கள். 10¹⁵-இல் ஒரு பங்கு அளவுக்கு நுணுக்கமாகப் பார்த்தும் வித்தியாசம் கிடைக்கவில்லை. நம் கொலாபாவில் இருக்கிற டி.ஐ.எஃப்.ஆர். (டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம்) விஞ்ஞானிகளும் கர்நாடகத்தில் கௌரிபிதனூரில் தரைக்கு அடியில் ஆய்வகம் அமைத்து, முறுக்குத் தராசு (மெல்லிய இழை முறுகுவதை வைத்து மிகச் சிறிய விசையை அளக்கும் கருவி) கட்டித் தொங்கவிட்டு இந்தக் கேள்வியில் உழைத்திருக்கிறார்கள்.

அதனால் உங்கள் மகளிடம் சொல்லுங்கள்: வியப்பு எலக்ட்ரான் முந்துவதில் இல்லை, சுத்தியலும் இறகும் சேர்ந்து விழுவதில்தான்.

கல்யாண்_ஃபாஸ்ட்

விலை அட்டை உதாரணம் நன்றாக இருக்கிறது, ஆனால் அதில் ஒரு எச்சரிக்கை வேண்டும். நீங்கள் கால் கிலோ வாங்குவதால் விலை மாறாது. லாரி லாரியாக வாங்கினால் மார்க்கெட் விலையே ஏறிவிடும். மின்புலத்திலும் அப்படித்தான். பெரிய மின்னூட்டத்தைக் கொண்டுபோய் வைத்தால் அது அக்கம்பக்கத்து மின்னூட்டங்களை இடம் மாற்றிவிடும், நீங்கள் அளக்க நினைத்த புலமே வேறாகிவிடும். அதனால்தான் புத்தகத்தில் ‘மிகச் சிறிய சோதனை மின்னூட்டம்’ என்று எழுதியிருப்பார்கள். அந்த வரியைத் தாண்டிப் போகவேண்டாம்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. நிறையில் ஒரே வகை, மின்னூட்டத்தில் இரண்டு வகை. ஹைட்ரஜன் அணுவில் எலக்ட்ரானுக்கும் புரோட்டானுக்கும் இடையே உள்ள மின்விசை, ஈர்ப்பு விசையைப்போல் சுமார் 2 × 10³⁹ மடங்கு. அவ்வளவு பலமான விசை ஏன் நம்மைத் தூக்கி எறியவில்லை என்றால், நேரும் எதிரும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. ஈர்ப்பை ஈடுகட்ட ஆள் இல்லை, அதனால் சேர்ந்துகொண்டே போகிறது. கொஞ்சம் ஈடு தவறினால் என்ன ஆகும் என்று பார்க்கணுமா? மழைக்காலம் முடியட்டும், ஜனவரியில் உலர்ந்த தலையைச் சீப்பால் வாரிவிட்டுக் காகிதத் துண்டுகளிடம் காட்டுங்கள். முழுப் பூமியும் கீழே பிடித்து இழுக்கும்போதே காகிதம் எழும்பிச் சீப்பில் ஒட்டும்.

தாராவி_90அடி_ரோடு

மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி. சக் உதாரணம் சொன்னதும் எனக்கு அப்படியே பிடிபட்டுவிட்டது. மகள் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டாள், கூடவே இரண்டு கேள்வியும் வைத்திருக்கிறாள்.

ஒன்று, தூரம் கூடினால் ஈர்ப்பு குறையும் என்றால், மறுசீரமைப்புக் கட்டடத்தில் 22ஆவது மாடிக்குப் போன எங்கள் அத்தைக்கு எடை குறையணும் இல்லையா?

இரண்டாவது, பூமிக்கே ஒரு மின்புலம் உண்டு, தெளிந்த வானத்தில் தரையருகே மீட்டருக்குச் சுமார் 100 வோல்ட் என்று எங்கோ படித்திருக்கிறாள். என் உயரம் 1.7 மீட்டர். மைதானத்தில் நின்றால் தலைக்கும் காலுக்கும் நடுவில் 170 வோல்ட் என்று கணக்கு வருகிறது. ஏன் ஷாக் அடிப்பதில்லை?

மாட்டுங்கா_வாத்தியார்

அத்தைக்குக் குறையும், தம்பி. ஆனால் தூரத்தைத் தரையிலிருந்து அளக்கக்கூடாது, பூமியின் மையத்திலிருந்து அளக்கணும். அங்கிருந்து தரைக்கே 6,371 கிலோமீட்டர். 22 மாடியை 66 மீட்டர் என்று வைத்துக்கொண்டு போட்டால் குறைவது லட்சத்தில் இரண்டு பங்கு. அத்தை 60 கிலோ என்றால் ஒன்றேகால் கிராம். 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் விண்வெளி நிலையத்தில்கூட இங்கே இருப்பதில் பத்தில் ஒன்பது பங்கு ஈர்ப்பு இருக்கிறது. அங்கே மிதக்கிறார்கள் என்றால் ஈர்ப்பு இல்லாமல் அல்ல, நிலையமும் ஆளும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதால்.

இரண்டாவது கேள்விக்காகப் பாப்பாவை நான் தட்டிக்கொடுத்ததாகச் சொல்லுங்கள். அந்த 100 என்பது காற்றுவெளிக்கு உள்ள கணக்கு, நீங்கள் அங்கே நிற்காதபோது. நம் உடம்பு மின்கடத்தி. நீங்கள் போய் நின்ற உடனே உடம்பில் உள்ள மின்னூட்டங்கள் கொஞ்சம் நகர்ந்து, தலை முதல் கால் வரை ஒரே மின்னழுத்தம் ஆகிவிடுகிறது, தரையின் அழுத்தம். வித்தியாசம் இல்லை, அதனால் ஷாக் இல்லை. புலக்கோடுகள் வளைந்து வந்து உங்கள் தலையில் முடியும். கல்யாண்காரர் சொன்ன எச்சரிக்கை இங்கேதான் வேலை செய்கிறது: நீங்களே அந்த இடத்தின் விலையை மாற்றிவிட்டீர்கள்.

பாப்பாவுக்கு ஒரு கணக்கு தருகிறேன். அதே புலம், மீட்டருக்கு 100 வோல்ட் என்றாலும் கூலூமுக்கு 100 நியூட்டன் என்றாலும் ஒன்றுதான், திசை கீழ்நோக்கி. அதில் ஒரு எலக்ட்ரானை விட்டால் எந்தப் பக்கம், என்ன முடுக்கத்தில் போகும்? நிறை 9.1 × 10⁻³¹ கிலோகிராம்.

தாராவி_90அடி_ரோடு

ஐயா, போட்டுவிட்டாள். மேல்நோக்கி, 1.76 × 10¹³ மீட்டர்/வினாடி². ஈர்ப்பின் 9.8-ஐக் கழிக்கவா என்று கேட்டேன். கழித்தாலும் எண் மாறாது அப்பா என்கிறாள்.

மாட்டுங்கா_வாத்தியார்

சரியான விடை. இப்போது புரோட்டானுக்குப் போடச் சொல்லுங்கள், திசையை மறக்காமல்.