மறு: பிளோ-பை, பிசிவி வால்வு – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம். எஞ்சின் சொற்களுக்கான நம் தமிழ்ப் பட்டியலில் பிசிவி பற்றி வந்த முன்மொழிவுக்கு என் பதில் இது. பிசிவி (பாசிட்டிவ் கிராங்க்கேஸ் வென்டிலேஷன்) என்பது பிஸ்டன்களைத் தாண்டி எஞ்சினின் கீழறைக்கு இறங்கும் வாயுவை இழுத்து மீண்டும் எரிக்கும் அமைப்பு.

> பாசிட்டிவ் கிராங்க்கேஸ் வென்டிலேஷன் = நேரழுத்த வணரியறைக் காற்றோட்டம்

ஐயா, கிராங்க்கேஸுக்கு (பிஸ்டன்களுக்குக் கீழே கிராங்க் தண்டு சுழலும் அறை) 'வணரியறை' பிடித்திருக்கிறது, அதையே வைத்துக்கொள்வோம். 'நேரழுத்த' மட்டும் வேண்டாம். இந்த அமைப்பு வணரியறைக்குள் அழுத்தத்தை ஏற்றுவதில்லை, இறக்குகிறது. நல்ல எஞ்சினில் அந்த அறையின் அழுத்தம் வெளிக்காற்றைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். முன்பெல்லாம் அறையிலிருந்து ஒரு குழாய் கீழே சாலையை நோக்கித் திறந்திருக்கும். வண்டி ஓடினால்தான் புகை வெளியே இழுபடும், நின்றால் உள்ளேயே தேங்கும். கலிபோர்னியாவில் 1961 மாடல் கார்களிலிருந்து அதை உள்ளிழுப்புக் குழாயோடு இணைத்து, எஞ்சினின் வெற்றிடத்தாலேயே இழுத்து எரிக்கத் தொடங்கினார்கள். வண்டி நின்றாலும் இழுப்பு நிற்காது. 'பாசிட்டிவ்' குறிப்பது அந்த உறுதியைத்தான்.

எனவே பிசிவி அமைப்புக்கு என் பரிந்துரை: மீளிழுப்பு. வால்வுக்கு மீளிழுப்பு வால்வு. வாயு எங்கே போகிறது, எப்படிப் போகிறது என்ற இரண்டையும் இது சொல்லிவிடுகிறது.

அடுத்து பிளோ-பை, அதாவது அப்படி இறங்கும் வாயு. 'கசிவாயு' என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். கசிவு என்றதும் ஏதோ பழுது என்று தோன்றும். புது எஞ்சினிலும் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கொஞ்சம் வாயு கீழே இறங்கத்தான் செய்யும். அளவு கூடினால்தான் பழுது. நழுவுவளி என்று வைத்தால் 'நழுவுவளி கூடிவிட்டது' என்று இயல்பாக எழுதலாம்.

டர்போ (கூடுதல் காற்றை எஞ்சினுக்குள் அழுத்தி ஊதும் கருவி) உள்ள எஞ்சினுக்கு வரும்போது இந்தச் சொற்களின் தேவை இன்னும் தெளிவாகும். டர்போ ஊதும்போது உள்ளிழுப்புக் குழாயில் வெற்றிடம் போய் அழுத்தம் வந்துவிடும். அது வணரியறைக்குள் திரும்பப் பாயாமல் இருக்க ஒருவழி வால்வு மூடிக்கொள்ளும். ஆனால் நழுவுவளி மிக அதிகமாக இறங்குவதும் அதே நேரத்தில்தான். அதற்காகவே இரண்டாவது பாதை ஒன்று டர்போவுக்குள் காற்று நுழையும் வாய்ப்பக்கம் போய்ச் சேர்கிறது. ஆக, குறைசுமை மீளிழுப்பு, ஊதுநிலை மீளிழுப்பு என்று இரண்டாகப் பிரித்துச் சொல்ல முடிகிறது. 'காற்றோட்டம்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு இதை விளக்குவது கடினம்.

இந்தப் பாதை அடைபட்டால் நடப்பதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். டர்போவுக்குப் போகும் ஆயில் தன் எடையாலேயே கீழே ஆயில் சம்ப்புக்கு (எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) வடிய வேண்டும். வணரியறையில் அழுத்தம் ஏறினால் வடிகால் தடைபடும். ஆயில் டர்போவின் சீல்களைத் தாண்டி வெளியேறிப் புகைபோக்கியில் நீலப்புகையாக வரும். உடனே டர்போ போய்விட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். புது டர்போ மாட்டினாலும் புகை நிற்காது, ஏனென்றால் பழுது பிரீதரிலோ (வணரியறை வாயு வெளியேறும் வழி) பிஸ்டன் ரிங்கிலோ இருக்கிறது. முதலில் அளக்க வேண்டியது வணரியறை அழுத்தம். பயனர் கையேடுகளைத் தமிழில் எழுதும்போது இந்தத் தொடர் தடுமாறாமல் வர வேண்டும் என்பது என் விருப்பம்.

பிரீதருக்கு 'மூச்சுக்குழல்' வேண்டாம். அது உடலுறுப்பின் பெயர். பிரீதர் என்றே விட்டுவிடலாம், பட்டறையில் எல்லோருக்கும் புரியும்.

கேட்ச் கேன் மீதம். நழுவுவளியோடு வரும் ஆயில் துளிகள் இன்டர்கூலரில் (டர்போ ஊதும் காற்றைக் குளிர்விக்கும் பகுதி) படியும். பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீச்சும் எஞ்சின்களில் உள்ளிழுப்பு வால்வைப் பெட்ரோல் கழுவாது என்பதால் அங்கே கரியாக ஒட்டும். அதைத் தடுக்க வழியில் வைக்கும் சிறு கலன் இது. 'எண்ணெய் வடிகட்டி' என்றால் ஆயில் ஃபில்டரோடு குழம்பும். 'ஆயில் பிடிகலன்' சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் எஞ்சினுக்குள்ளேயே அமைந்த பிரிப்பானுக்கு இது பொருந்தாது. அதை 'ஆயில் பிரிப்பான்' என்று தனியே வைக்கலாமா? மறுப்பு இருந்தால் எழுதுங்கள், அதற்கேற்ப பட்டியலைத் திருத்துகிறேன்.

அன்புடன்