இணைந்த கணித வகுப்பு ரெக்கோடிங்: எடிட் பண்ணேக்க இழுக்குது, குரலும் விலகுது

வெள்ளவத்தை கணித டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். நான் உயர்தரப் பிள்ளைகளுக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கிறன். கறுப்புப் பலகை மாதிரி ஒரு புரோகிராமில பேனா டெப்லட்டால எழுதி, விளக்கத்தையும் சேர்த்து ரெக்கோட் பண்ணி, தேவையில்லாததை வெட்டிப்போட்டுப் பிள்ளைகளுக்கு அனுப்புவன். இதுவரைக்கும் லெப்டொப்போட வந்த ரெக்கோடரைத்தான் பாவிச்சன்.

ரெக்கோடிங்கை அப்படியே போட்டுப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. டாவின்சி ரிசால்வ் எண்ட எடிட்டருக்குள்ள கொண்டுபோனால்தான் கரைச்சல். டைம்லைனில ஒரு இடத்தில கிளிக் பண்ணினால் படம் வர நேரமெடுக்குது. ஒரு மணித்தியால வகுப்பெண்டால் கடைசிப் பகுதியில குரலும் எழுத்தும் ஒத்துப்போறேல்ல. தொகையீட்டுக் குறியைக் கீறி முடிச்ச பிறகுதான் "இப்ப தொகையிடுவம்" எண்டு என்ர குரல் வருது. கணக்குப் படிக்கிற பிள்ளைக்கு அது சரியான குழப்பம்.

லெப்டொப் பழைய ஐ5, 8 ஜிபி ரேம், தனி கிராபிக்ஸ் கார்ட் இல்லை, திரை 1920×1080. ஓபிஎஸ் எண்ட ரெக்கோடிங் புரோகிராமைப் போடச் சொல்லிச்சினம், போட்டிட்டன். அதுக்குள்ள எதை எப்பிடி வைக்கவேணும் எண்டு ஆராவது சொல்லுவீங்களோ? புது லெப்டொப் இப்போதைக்கு வாங்கேலாது.

தெஹிவளை கேமர்:

டீச்சர், 60 எப்பிஎஸ் (செக்கனுக்கு 60 பிரேம்), பிட்ரேட் (செக்கனுக்குப் பதியிற டேட்டா அளவு) 50,000 வைச்சுப் பாருங்கோ. நான் கேம் ரெக்கோட் பண்றது அப்பிடித்தான், கண்ணாடி மாதிரி வரும். ரேமையும் 16 ஆக்கினால் நல்லம். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்கு லெப்டொப்பைக் கொண்டுபோனால் பொருந்துறதைப் பார்த்துப் போட்டுத் தருவாங்கள்.

கொட்டாஞ்சேனை எடிட்டர்:

டீச்சர், ரேம் விஷயத்துல தம்பி சொன்னது சரி, ரிசால்வுக்கு 8 ஜிபி காணாது. ஆனா 60ம் 50,000மும் உங்களுக்கு வேணாம். டியூஷன் சேர்மார், டீச்சர்மாருக்கு வீடியோ வெட்டிக் குடுக்கிறதுதான் என்ட தொழில், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். பிட்ரேட்ட கூட்டினா படம் தெளிவாகும், எடிட்டர் வேகமா ஓடாது. எடிட் பண்ண லேசா இருக்கணும்னா பிரேம் ரேட் மாறாம இருக்கணும், கீபிரேம் கிட்டக் கிட்ட இருக்கணும்.

முதல்ல குரல் விலகுறது. சில ரெக்கோடர்கள் திரையில அசைவு இல்லாட்டி பிரேம குறைச்சு எடுக்கும், அசைவு வந்தா கூட்டும். போன்ல எடுக்கிற ஸ்கிரீன் ரெக்கோடிங்கும் பெரும்பாலும் இப்படித்தான். உங்க வகுப்ப யோசிச்சுப் பாருங்க: கொஞ்சம் எழுதுவீங்க, பிறகு கைய எடுத்திட்டு நிறைய விளக்குவீங்க. அந்த நேரம் முழுக்க திரை அசையாது. பிளேயர் ஒவ்வொரு பிரேமுக்கும் குறிச்சிருக்கிற நேரத்தப் பார்த்துக் காட்டும், அதனால பார்க்கிறப்ப குறை தெரியாது. எடிட்டரோ செக்கனுக்கு இத்தனை பிரேம்னு சீரா வரும்னு எதிர்பார்க்கும். அங்கதான் படமும் குரலும் விலகத் தொடங்கும், வீடியோ நீள நீள வித்தியாசமும் கூடும். ஓபிஎஸ்ல 30 வைச்சா 30தான், திரை அசைஞ்சாலும் அசையாட்டியும். வீடியோ செட்டிங்ல பேஸ், அவுட்புட் ரெசல்யூஷன் ரெண்டையும் 1920×1080 வைங்க, எப்பிஎஸ் 30. ரெண்டும் வேற வேறயா இருந்தா படம் சுருங்கி எழுத்து மங்கும். அடுக்குக்குறி மாதிரி சின்ன எழுத்துல அது நல்லாவே தெரியும்.

அடுத்தது கிளிக் பண்ணினா இழுக்கிறது. எச்.264 முறையில சுருக்கின பைல்ல எல்லா பிரேமும் முழுப் படம் இல்ல. கீபிரேம் மட்டும்தான் முழுசா இருக்கும், நடுவுல வர்றதெல்லாம் மாறின பகுதிய மட்டும் வைச்சிருக்கும். நடுவுல ஒரு இடத்துல கிளிக் பண்ணினா எடிட்டர் முந்தின கீபிரேமுக்குப் போய், அங்கயிருந்து ஒவ்வொன்னா கட்டிக்கொண்டு வரணும். எக்ஸ்264ங்கிற என்கோடர்ல (வீடியோவ சுருக்கிப் பதியிற பகுதி) இடைவெளிய ஆட்டோவுல விட்டா ஒரு கீபிரேமுக்கும் அடுத்ததுக்கும் 250 பிரேம் வரைக்கும் போகலாம். 30 எப்பிஎஸ்ல அது 8 செக்கனுக்கு மேல! ஒரு கிளிக்குக்கு இவ்வளவு வேலை பார்த்தா எந்த பழைய ஐ5ம் திணறும். கீபிரேம் இன்டர்வல 1 செக்கன் ஆக்குங்க. பைல் கொஞ்சம் பெருக்கும், பரவாயில்ல.

என்கோடர் குவிக்சின்க் எச்.264 எடுங்க, இன்டெல் சிப்புக்குள்ளயே இருக்கிறது. எச்இவிசி, ஏவி1ங்கிற மற்ற சுருக்கல் முறைகள் ரெண்டும் பைல சின்னதாக்கும், ஆனா உங்க லெப்டொப்புல வெட்டுறப்ப இன்னும் திணறும். ரேட் கன்ட்ரோல் ஐசிகியூ (பிட்ரேட்டுக்குப் பதிலா தரத்த நிலையா வைக்கிறது), எண் 20 கிட்ட. எண் குறைய குறைய தெளிவு கூடும். அசையாத பலகைக்கு நிலையான பிட்ரேட் வைக்கிறது இடத்த வீணாக்கிற வேலை.

பைல் வகை எம்கேவி. இதுல நான் விட்டுக்குடுக்க மாட்டேன். 2022ல கரண்ட் வெட்டின காலத்துல, முழு வகுப்பும் எம்பி4ல எடுத்திட்டு பைல் திறக்காம தலையில கைய வைச்ச ஆக்கள் என்கிட்ட வந்திருக்காங்க. சாதாரண எம்பி4 தன்ட அட்டவணைய ரெக்கோடிங் முடியிறப்பதான் எழுதும், நடுவுல நின்னா பைல் கெட்டுரும். எம்கேவி நின்ன இடம் வரைக்கும் திறக்கும். முடிஞ்சதும் ஓபிஎஸ் பைல் மெனுவுல ரீமக்ஸ் குடுத்தா தரம் குறையாம எம்பி4 ஆகும். 30.2லயும் அதுக்குப் பிறகும் வந்த ஓபிஎஸ்ல ஹைபிரிட் எம்பி4னு ஒன்னு இருக்கு, அதுவும் இந்த விஷயத்துல பாதுகாப்பானது.

ஒடியோ 48 கிலோஹேர்ட்ஸ், மைக்க தனி டிரக்குல போடுங்க. வெள்ளவத்தையில கடற்கரைப் பக்கம்னா ரயில் சத்தம் வரும். கடந்து போற வரைக்கும் நிப்பாட்டி, ஒரு கை தட்டிட்டு அந்த வரிய மறுபடி சொல்லுங்க. தட்டின இடம் ஒடியோ அலையில கூரா நிக்கும், வெட்டுறதுக்கு தேட வேண்டியதில்ல.

வெள்ளவத்தை கணித டீச்சர்:

இவ்வளவு பொறுமையா விளக்கினதுக்கு நன்றி. அப்படியே வைச்சு ஒரு பாடம் எடுத்தன். கிளிக் பண்ணின உடனேயே படம் வருது, குரலும் கடைசி வரைக்கும் சரியா நிக்குது. இன்னும் ரெண்டு சந்தேகம். பிழையான படியைச் சிவப்பு மெல்லிய பேனாவால வெட்டிக் காட்டுவன், அந்தக் கோடு கறுப்புப் பலகையில கலங்கித் தெரியுது. ஓபிஎஸ்ஸில நிறம் பதியிற முறையை என்வி12 இலயிருந்து ஐ444 ஆக்கச் சொல்லினம், மாத்தவோ? மற்றது, பழைய ரெக்கோடிங்குகளைத் திரும்ப எடுக்கத்தான் வேணுமோ?

மட்டக்குளி பௌதிகவியல் சேர்:

நானும் இதே செட்டிங்குக்கு மாறுறேன். என் பிரச்சினை வேற: மூலையில என் முகம் தெரியிற வெப்கேம் படத்துல கருப்புப் பட்டி மேலயும் கீழயும் ஓடுது. டியூப் லைட்டுக்குக் கீழதான் இருக்கேன்.

கொட்டாஞ்சேனை எடிட்டர்:

சேர், இங்க கரண்ட் 50 ஹேர்ட்ஸ். உங்க வெப்கேம் 60க்கு செட் ஆகி இருக்கும். ஓபிஎஸ்ல கேமராவோட கொன்பிகர் வீடியோவுக்குள்ள பவர் லைன் பிரீக்குவன்சி இருக்கும், 50 ஆக்குங்க.

டீச்சர், என்வி12லயே விடுங்க. அதுல நிறத்தோட விபரம் நாலு பிக்செலுக்கு ஒன்னுன்னுதான் பதியும், வெளிச்சத்தோட விபரம் மட்டும்தான் முழுசா இருக்கும். வெள்ளைக் கோடு கறுப்புல கூர்மையா நிக்கிறது அதனாலதான். சிவப்போட வெளிச்சம் குறைவு, நிறத்த நம்பித்தான் கண்ணுக்குத் தெரியுது, அதுதான் கலங்குது. ஐ444 அத சரியாக்கும். ஆனா அந்த பைல ஹார்ட்வெயார் டிகோடர் பெரும்பாலும் தொடாது, எல்லாம் பிராசஸர் தலையில விழும்; திரும்ப இழுவைதான். யூடியூப்ல ஏத்தினாலும் அது மறுபடி பழைய மாதிரி நிறத்த குறைச்சுரும். பேனாவ ரெண்டு மடங்கு தடிப்பாக்குங்க, சிவப்புக்கு பதிலா மஞ்சளோ இளம் ஒரேஞ்சோ எடுங்க.

பழசுகள திரும்ப எடுக்க வேணாம், அந்த வகுப்புகள் உங்க உழைப்பு. வீடியோ பைல மாத்திற ஹேண்ட்பிரேக் புரோகிராம் இலவசம். அதுல பிரேம் ரேட்ட 30 ஆக்கி கொன்ஸ்டன்ட் தெரிவு செய்ங்க, தர அளவு ஆர்எப் 18 வைங்க. குரல் விலகல் போகும். கீபிரேம் இடைவெளி அப்பவும் நீளமாத்தான் இருக்கும், அதுக்கு ரிசால்வுக்குள்ள கிளிப்ப ரைட் கிளிக் பண்ணி புரொக்சி (வெட்டுறதுக்கு லேசான நகல்) உருவாக்குங்க. இராத்திரி ஓட விட்டுட்டுப் படுத்தா காலையில தயாரா இருக்கும். பைல் யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்ல இருந்தா வெட்டுறதுக்கு முதல் லெப்டொப் எஸ்எஸ்டிக்கு கொப்பி பண்ணுங்க.

கிளிப் எதையும் உள்ள போட முதல், ரிசால்வ் புரொஜெக்ட் செட்டிங்ல டைம்லைன் பிரேம் ரேட் 30 ஆன்னு பாருங்க. சும்மா விட்டா 24ல நிக்கும், கிளிப் உள்ள போன பிறகு அந்த புரொஜெக்ட்ல மாத்த விடாது.