மௌனப்பட ‘பிரிண்ட்’: நகலா, படியா?

அன்புடையீர், வணக்கம்.

அரிய மௌன நகைச்சுவைப் படங்களைச் சேர்ப்போர் ‘பிரிண்ட்’ என்று அழைக்கும், திரையிடுவதற்காக அச்சிட்ட படச்சுருளுக்கு ‘நகல்’ என்ற தமிழ்ச்சொல் இக்கலைச்சொல் விவாதத்தில் முன்மொழியப்பட்டுள்ளது. அதை என்னால் ஏற்க இயலவில்லை. நகல் என்றதுமே அசல் எங்கோ பத்திரமாக இருக்கிறது என்ற எண்ணம் உடன் வருகிறது. எளிதில் தீப்பற்றுவதும் காலப்போக்கில் பொடியாய் உதிர்வதுமான நைட்ரேட் சுருளில் எடுக்கப்பட்ட இப்படங்களில் பலவற்றுக்கு அசல் நெகட்டிவே இன்று இல்லை.

லாரல், ஹார்டி நடித்து 1927இல் வெளியான ‘தி பேட்டில் ஆஃப் தி செஞ்சுரி’யை எடுத்துக்கொள்வோம். பழப்பணியாரங்களை ஒரு தெருவே முகத்துக்கு முகம் வீசிக்கொள்ளும் அதன் இரண்டாம் சுருள், 1957இல் வந்த ஒரு தொகுப்புப் படத்தில் இடம்பெற்ற துண்டுகளாகவே நெடுங்காலம் அறியப்பட்டிருந்தது. 2015இல் அமெரிக்கச் சேகரிப்பாளர் ஒருவரிடமிருந்த 16 மி.மீ. சுருளில்தான் அது முழுமையாகக் கிடைத்தது. அச்சுருளை நகல் என்று சொல்ல மனம் வருமா?

‘படி’ என்பதே தகும். ஏட்டைப் பார்த்து எழுதியதைப் படி என்றே வழங்கினோம்; மூல ஏடு செல்லரித்துப் போனபின் படியே நூலாக நின்றது. படிக்குப் படி பாடம் வேறுபடுவதும் இங்கு உண்டு. உள்நாட்டுக்கும் வெளிநாட்டுக்கும் தனித்தனி நெகட்டிவ் வைத்திருந்த காலம் அது. பஸ்டர் கீட்டனின் ‘தி பிளாக்ஸ்மித்’ (1922) படத்துக்கு, பலரும் அறிந்த வடிவில் இல்லாத காட்சிகளைக் கொண்ட வேறொரு வடிவம் இருப்பதை அர்ஜென்டினாவின் திரைப்பட ஆய்வாளர் பெர்னாண்டோ பேனியா 2013இல் வெளிக்கொணர்ந்தார். மனப்பாடமான படத்தில் இதுவரை காணாத ஒரு சிரிப்பு கிடைக்கக்கூடும் என்ற நம்பிக்கையே சேகரிப்பாளரைப் பழைய தகரப்பெட்டிகளைத் திறக்க வைக்கிறது. இத்தகையதை ‘வேற்றுப்படி’ எனலாம்.

அழியாமல் தப்பிய படியை ‘எஞ்சிய படி’ என்று எழுதினால் வினையெச்சம்போல் மயக்கம் தரும் என்ற மறுப்பு நியாயமானது. ‘எஞ்சுபடி’ என்று வினைத்தொகையாக்கினால் அது நீங்கும்.

வீட்டில் காட்டுவதற்காகப் பிரெஞ்சுப் பட நிறுவனமான பாத்தே, திரையரங்குச் சுருளைவிட அகலம் குறைந்த 9.5 மி.மீ. சுருளை 1922இல் கொண்டுவந்தது. அதில் வந்த படங்கள் பலவும் நீளம் குறைக்கப்பட்டவை. அகலம் குறைந்ததைச் ‘சிற்றகலப்படி’ என்றும், நீளம் வெட்டப்பட்டதைச் ‘சுருக்கப்படி’ என்றும் பிரித்து வழங்கலாம் என்பது என் பரிந்துரை. இவ்விரண்டையும் ஒரே சொல்லில் அடக்கினால் அட்டவணை தயாரிப்போர் இடர்ப்படுவர். ஆகவே முதலில் இவற்றைப் பற்றிய தங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.