நார்ஃபோக் வயல்ல பார்த்தது எந்த கவுதாரி?

கேள்வி: இங்கிலாந்துல நார்ஃபோக் பக்கம் இருக்கேன், நேத்து கோதுமை அறுத்த வயல் ஓரமா நடந்துட்டு இருந்தப்போ பத்து பன்னிரண்டு பறவை ஒண்ணா விர்ருனு கிளம்பி தாழ்வா பறந்துச்சு, நம்ம ஊர் கவுதாரி சைஸ்தான், முகம் ஆரஞ்சு கலர். என்னதுங்க இது?

பதில் 1: ஆரஞ்சு முகம்னா சாம்பல் கவுதாரி, நம்ம ஊர் கவுதாரி வேற இனம். வயித்துல குதிரை லாடம் மாதிரி பழுப்பு திட்டு இருந்துச்சா? அங்க இருக்கற இன்னொரு இனம், செங்கால் கவுதாரினா தொண்டை வெள்ளை, சுத்தி கருப்பு மாலை, அலகும் காலும் சிவப்பு. அது வேட்டைக்காக ஐரோப்பாவுல இருந்து கொண்டு வந்தது, இப்பவும் வளர்த்து விடுறாங்க.

கேட்டவர்: லாடம் கவனிக்கலைங்க, ஆனா கருப்பு மாலை கண்டிப்பா இல்ல.

பதில் 2: அப்போ கொடுத்து வச்சவர் நீங்க! சாம்பல் கவுதாரி 1967ல இருந்து பிரிட்டன்ல 90 சதவீதத்துக்கு மேல குறைஞ்சுபோச்சு. எல்லாரும் வேட்டையத்தான் சொல்வாங்க, ஆனா களைக்கொல்லிதான் பெரிய அடி, குஞ்சு முதல் ரெண்டு வாரம் பூச்சி தின்னுதான் வளரும், களை போனா அதுல இருக்கற பூச்சியும் போச்சு, குஞ்சு பட்டினி. வேலிப்புதரையும் வெட்டிட்டா கூடு கட்ட இடமே இல்ல. வயல் ஓரத்துல சில மீட்டர் மருந்தடிக்காம விட்டாலே குஞ்சு நல்லா பிழைக்குது, அந்த விவசாயிகிட்ட பேசிப் பாருங்க.