முக அடையாள மென்பொருள் பொருத்தம் மட்டுமே ஆதாரமா?

ஏற்காடு அடிவாரம்: சேலம் புது பஸ் ஸ்டாண்டில் நகைப்பை திருட்டு. சிசிடிவி படத்தை முக அடையாள மென்பொருளில் போட்டுப் பார்த்து, ஏற்காட்டுப் பையன் ஒருவனைப் பிடித்து ரிமாண்ட் செய்துவிட்டார்கள். பொருள் எதுவும் கைப்பற்றவில்லை. பறிகொடுத்த பெண்மணி மட்டும்தான் சாட்சி. இப்போது என்ன கேட்க வேண்டும்?

அஸ்தம்பட்டி வக்கீல்: முதலில் கைதையே பாருங்கள். பிஎன்எஸ் (தண்டனைச் சட்டம்) 303(2)-ல் முதல் திருட்டுக்கு மூன்றாண்டு வரைதான் தண்டனை. ஏழாண்டு வரையிலான குற்றங்களில் பிஎன்எஸ்எஸ் (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 35(3)-ன்படி நேரில் வரச் சொல்லும் நோட்டீஸ்தான் முறை; கைது செய்தால் அவசியத்தை எழுதிக் காட்ட வேண்டும் (உச்ச நீதிமன்றத்தின் அர்னேஷ் குமார் தீர்ப்பு, 2014). கைதுக்கான காரணம் அவனுக்குப் புரியும் மொழியில் எழுத்தாகக் கொடுக்கப்பட்டதா? 2025 நவம்பரில் மிஹிர் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை எல்லாக் குற்றங்களுக்கும் விரித்துவிட்டது. வசதியில்லை என்றால் இலவச சட்ட உதவிக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பே கிடையாது. அவர்கள் உதவி எண் 15100.

டிவிஆர் பார்ப்பவர்: பதிவுதான் அவசரம். டிவிஆரில் (கேமரா பதிவைச் சேமிக்கும் பெட்டி) இடம் நிரம்பினால் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். அழியாமல் பாதுகாக்க உத்தரவு கேட்டு இன்றே மனு போடுங்கள். குற்றப்பத்திரிகை வந்ததும், அதோடு மின்னணுப் பதிவுக்கான பிஎஸ்ஏ (சாட்சியச் சட்டம்) 63(4) சான்றிதழ் வந்திருக்கிறதா, அதில் ஏ, பி இரண்டு பகுதியும் நிரப்பியிருக்கிறார்களா, பதிவு மாறவில்லை என்று சரிபார்க்க உதவும் ஹாஷ் மதிப்பு எழுதியிருக்கிறதா பாருங்கள். அச்சடித்த படம் போதாது. பதிவின் குளோன் நகல் (அச்சு அசலான மின்னணு நகல்) கேளுங்கள். 2019-ல் கோபாலகிருஷ்ணன் வழக்கில் மெமரி கார்டு பதிவே ஆவணம்தான், குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பொதுவாக நகல் உண்டு என்று தீர்ப்பாகியிருக்கிறது.

முகம் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் தந்த மதிப்பெண், பொருத்தம் என்று ஏற்க வைத்திருந்த குறைந்தபட்ச வரம்பு, பட்டியலில் வந்த மற்ற முகங்கள் மூன்றையும் கேளுங்கள். வரம்பைத் தாழ்த்தி வைத்தால், உண்மையான ஆள் தரவுத்தளத்திலேயே இல்லாவிட்டாலும் சாயலில் நெருங்கியவரைக் காட்டும். கூரையில் மாட்டிய கேமரா, இரவு வெளிச்சம், பழைய புகைப்படம் எல்லாம் சேர்ந்தால் பிழை கூடும்.

அஸ்தம்பட்டி வக்கீல்: சரியாகச் சொன்னீர்கள். அந்தப் படத்தைச் சாட்சியிடம் முன்பே காட்டியிருந்தால் பலரை வரிசையில் நிறுத்தி ஆளைக் காட்டச் சொல்லும் அடையாள அணிவகுப்புக்கு மதிப்பில்லை. அதை அடுத்த ரிமாண்டிலேயே மாஜிஸ்திரேட்டிடம் பதிவு செய்யுங்கள். ரிமாண்ட் நாளையும் சேர்த்து 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால், 61-ஆம் நாள் கோர்ட் திறந்ததும் கெடு தவறியதால் உரிமையாகக் கிடைக்கும் பிஎன்எஸ்எஸ் 187(3) ஜாமீனுக்கான மனு உள்ளே இருக்க வேண்டும். மதியம் குற்றப்பத்திரிகை வந்துவிட்டாலும், காலையில் போட்ட மனு நிற்கும்.

ஏற்காடு அடிவாரம்: நீதிபதியே ஏஐயிடம் கேட்டு ஜாமீனை மறுக்கலாமா?

அஸ்தம்பட்டி வக்கீல்: கூடாது. 2023-ல் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் ஒரு ஜாமீன் மனுவில் சாட்ஜிபிடியிடம் கேட்டது, ஆனால் வழக்கின் தகுதியைப் பற்றி அல்ல என்று உத்தரவிலேயே எழுதியது. கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் கீழமை நீதிமன்றங்களுக்கு வெளியிட்ட கொள்கை, ஏஐயை வைத்து முடிவெடுப்பதையே தடுக்கிறது. அது நம் மாநிலத்தைக் கட்டுப்படுத்தாது, வாதத்தில் எடுத்துக் காட்டலாம். உங்கள் மனுவிலும் ஏஐ கொடுத்த தீர்ப்பு மேற்கோளை அப்படியே போடாதீர்கள். இல்லாத தீர்ப்பையும் அது எழுதித் தரும். ஒவ்வொன்றையும் நீதிமன்ற இணையதளத்தில் திறந்து, பத்தி எண் வரை சரிபாருங்கள்.